தோடமலைத் தேடல்

எழுத்து இல்லாத மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? வேந்தருக்குக் கல்வெட்டு உண்டு. புலவருக்கு ஏடு உண்டு. வணிகருக்குக் கணக்கு உண்டு. மலைமுகட்டில் எருமை மேய்த்து வாழ்ந்த ஒரு சிறு குடிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அக்குடியின் பெயர் ஏட்டில் ஏற வேண்டுமாயின், அது பிறர் கையால்தான் ஏற வேண்டும். அந்தப் பிறரோ தம் தேவையை முன்னிட்டு மலையேறி வந்தவர். தம் கண்ணால் கண்டவர். தம் மொழியில் எழுதியவர். அத்தகையோர் எழுத்தை நம்புவதா, தள்ளுவதா என்னும் வினா வரலாறு பயில்வார் எவருக்கும் எழுவதாகும். நானூறு ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் நிகழ்ந்த ஒரு கிறித்துவச் சமயப் பயணத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் பொறித்த பெயர்

நீலகிரியின் மேட்டுநிலம் கடல்மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கும் மேலாக உயர்ந்து நிற்பது. அதன் தலைமுடியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. நாற்புறமும் செங்குத்தான சரிவும் அடர்ந்த காடும் அரணாக அமைய, மேலே புல்வெளியும் சோலையும் மாறி மாறிப் பரந்து கிடக்கின்றன. அப்புல்வெளியில் எருமை மேய்க்கும் தோடர், மண்கலம் வனைந்தும் இரும்பு அடித்தும் இசை முழக்கியும் வாழும் கோத்தர், உழுது பயிரிடும் படகர், காட்டையே வீடாகக் கொண்ட குறும்பர் என வேறுவேறு குடியினர், ஒருவர்க்கு ஒருவர் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்து வந்தனர்.

இவர்களுள் தோடரின் பெயர் கி.பி. 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்றில் காணப்படுகிறது. விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவனாகிய புணிசன் தோடரை நடுங்கச் செய்தான் என்றும், நீலமலையைக் கைக்கொண்டான் என்றும் அக்கல்வெட்டு பெருமை பேசுகின்றது. தோடர் எவ்வாறு வாழ்ந்தனர், எதனை உண்டனர், எதனை வணங்கினர் என்பன பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வென்றவன் புகழைக் கூற வந்த கல்லுக்கு அவை தேவைப்படவில்லை. வரலாற்றின் வாயிலில் தோடர் முதன்முதல் தோன்றியது அஞ்சி நடுங்கியவர்களாகவே ஆகும். அவர்களிடம் ஒருவர் சென்று அமர்ந்து பேசி, பேசியதை எழுதி வைப்பதற்கு அதன் பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

மலைமேல் ஒரு மறைந்த திருச்சபை

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மலையாளக் கரையில் போர்த்துகீசியரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. அவர்கள் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அக்கரையில் கிறித்துவர் வாழ்ந்து வந்தனர். இயேசுவின் சீடராகிய தோமாவே தம் முன்னோர்க்குத் திருமறையை அளித்தார் என்பது அவர்தம் மரபு. அவர்களுடைய வழிபாட்டு மொழி சிரியாக் மொழி. அவர்களை உரோமைத் திருச்சபையின் ஆட்சிக்குள் முழுமையாகக் கொண்டுவரும் பொருட்டுக் கோவாவின் பேராயர் மெனேசசு 1599-இல் உதயம்பேரூரில் ஒரு பேரவையைக் கூட்டினார். அதன் பின்னர் அம்மக்களுக்கு ஆயராக அமைந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிசு ரோசு என்பவர். இவர் சிரியாக்கும் மலையாளமும் நன்கு கற்றவர்.

அக்காலத்தே கரைநாட்டில் ஒரு செய்தி வழங்கி வந்தது. கிழக்கே, மலைகளுக்கு அப்பால், ‘தோடமலை’ என்னும் நாட்டில் ஒரு மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் முற்காலத்தில் தோமாவின் வழிவந்த கிறித்துவராய் இருந்தவர். காலப்போக்கில் குருவும் நூலும் இன்றித் தம் சமயத்தை மறந்துவிட்டனர் என்பதே அச்செய்தி. உடைந்த உறவைப் புதுப்பிக்க விரும்பிய ஆயருக்கு இச்செய்தி எத்துணை இனிப்பாய் இருந்திருக்கும் என்பதை நாம் உணரலாம். காணாமற்போன உடன்பிறப்பு ஒருவர் எங்கோ உயிரோடு இருக்கின்றார் என்று கேட்ட வீட்டார், செய்தி மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்து கொண்டிருப்பரோ? முதலில் ஆளை அனுப்புவர். ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக் கொள்வர்.

ஆயர் ரோசும் அவ்வாறே செய்தார். 1602-இல் மலையாளக் கிறித்துவருள் குரு ஒருவரும் திருத்தொண்டர் ஒருவரும் தோடமலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கொண்டு வந்த செய்தியோடு தேடல் முடிந்துவிடவில்லை. மறு ஆண்டே இயேசு சபைத் துறவி ஒருவர் தாமே மலையேறினார். அவர் பெயர் யாக்கோமோ பெனீசியோ.

பெனீசியோவின் பயணம்

பெனீசியோ இத்தாலி நாட்டினர். கள்ளிக்கோட்டையில் சமயப்பணி ஆற்றியவர். மலையாள மக்களின் சமயத்தையும் பழக்க வழக்கங்களையும் கூர்ந்து கற்றவர். அவற்றைப் பற்றிப் போர்த்துகீசிய மொழியில் ஒரு பெரு நூலும் எழுதினார். அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. டச்சுக்காரராகிய பால்தேயசு என்பவர் 1672-இல் வெளியிட்ட தம் நூலில் அதன் செய்திகளை எடுத்தாண்டு, எழுதியவர் பெயரை மட்டும் கூறாது விட்டார். 1933-இல் சுவீடன் நாட்டு அறிஞர் சார்பெந்தியர் மூலநூலைப் பதிப்பித்த பின்னரே பெனீசியோவின் உழைப்பு உலகிற்குத் தெரிந்தது. தம் நூலைப் பிறர் பெயரில் உலவவிட்ட இம்மனிதர் தோடமலைப் பயணத்தைப் பற்றி எழுதிய மடலும் நெடுங்காலம் கையெழுத்தாகவே உறங்கிக் கிடந்தது.

அம்மடல் 1603-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று கள்ளிக்கோட்டையிலிருந்து எழுதப்பட்டது. மலையின் தென்மேற்கு அடியிலுள்ள மன்னார்க்காட்டின் வழியாகச் சென்று, கடினமான ஏற்றங்களைக் கடந்து பெனீசியோ மேட்டுநிலத்தை அடைந்தார். இன்று பேருந்தில் வளைவுகளை எண்ணியவாறே சில மணி நேரத்தில் ஏறிவிடும் நமக்கு அக்காலப் பயணத்தின் அருமை எளிதில் விளங்காது. பாதை என்பது விலங்கும் வேடரும் நடந்த தடம். கரைநாட்டின் வெப்பத்தில் பழகிய உடலுக்கு மேலே காத்திருந்தது கடுங்குளிர். மேலே இருப்பவர் யார், வரவேற்பாரா, விரட்டுவாரா என்பது அறியாத நிலை. இவ்வளவிற்கும் இடையே அவரை நடத்திச் சென்றது ஒரே நம்பிக்கை: மலைமேல் நம்மவர் இருக்கின்றனர் என்பதே அது.

கண்டதும் காணாததும்

பெனீசியோ முதலில் கண்டவர் படகர். அவர்கள் ஊர் அமைத்து, பயிரிட்டு, கால்நடை வளர்த்து வாழ்ந்து வந்தனர். பின்னர்த் தாம் தேடி வந்த தோடரையும் சந்தித்தார். நெடிய உடலும் நீண்ட தாடியும் தோளில் புரளும் முடியும் உடைய அவர்தம் தோற்றம் அவரைக் கவர்ந்தது. அவர்களுடைய பூசகருள் ஒருவரைக் கண்டு உரையாடினார். அப்பூசகரின் தெய்வம் எது? பொன்னாற் செய்ததும் அன்று. கல்லாற் செய்ததும் அன்று. கழுத்தில் மணி கட்டி மலையில் மேய்ந்து திரிந்த எருமையே அவர்கள் போற்றும் புனிதப்பொருளாய் இருந்தது. எருமையைப் பேணுவதும் பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும் அவர்களுக்கு வாழ்வுத் தொழிலாக மட்டும் அமையவில்லை, வழிபாடாகவும் அமைந்திருந்தன. அவர்கள் நிலத்தை உழுவதில்லை என்பதையும் உடன்பிறந்த ஆடவர் ஒருத்தியையே மணந்து வாழ்ந்தனர் என்பதையும் பெனீசியோ குறித்துள்ளார். கிறித்துவத் துறவியின் மனத்திற்கு இம்மணமுறை ஒவ்வாததாய் இருந்திருக்கும். ஆயினும் அவர் அதனை மறைக்கவில்லை. தம் சமயத்தின் கட்டளைகளை அவர்களுக்கு எடுத்துரைத்தார். பெண்டிர்க்குச் சிறு கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் அளித்தார். அவர்கள் அவற்றைக் கண்டு மிக மகிழ்ந்தனர் என்று எழுதுகிறார்.

இனி, அவர் காணாததையும் நோக்குவோம். சிலுவை இல்லை, திருநூல் இல்லை, தோமாவின் நினைவு இல்லை. கிறித்துவத்தின் சுவடு எதுவும் அங்கே இல்லை. தேடி வந்தது கிடைக்கவில்லை. இயேசு சபையினர் அம்மலையில் நிலையான சமயப்பணி தொடங்கவும் இல்லை. வந்த வழியே பெனீசியோ திரும்பினார். அதன் பின் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீலகிரி ஐரோப்பியர் கவனத்தினின்றும் மறைந்தே கிடந்தது.

சமயப்பணியின் அளவுகோலால் அளந்தால் இப்பயணம் தோல்வியே. ஆயின் வரலாற்றின் அளவுகோல் வேறு. அவர் நினைத்திருந்தால், பால் வழிபாட்டைத் திருவிருந்தின் சிதைவு என்றும், பூசகரின் நீண்ட முடியைப் பழைய துறவியரின் கோலம் என்றும் எழுதி ஆயரை மகிழ்வித்திருக்கலாம். மேலே சென்று சரிபார்க்க எவர் வரப்போகிறார்? விரும்பியதைக் கண்டதாக எழுதும் வாய்ப்பு முழுமையாக இருந்தும் அவர் அதனைச் செய்யவில்லை. எருமையை எருமை என்றே எழுதினார். மடலின் மதிப்பு இங்கேதான் பிறக்கின்றது.

மடலின் பயன்

இம்மடலால் விளைந்த வரலாற்றுப் பயன்கள் இரண்டினை ஈண்டுச் சுட்டலாம்.

ஒன்று, படகரைப் பற்றியது. ‘வடகர்’ என்பதே ‘படகர்’ எனத் திரிந்தது என்பர். வடக்கிலிருந்து வந்தவர் என்பது பொருள். அவர்களுடைய மொழி கன்னடத்தோடு நெருங்கிய உறவுடையது. விசயநகரப் பேரரசு 1565-இல் தலைக்கோட்டைப் போரில் வீழ்ந்தபின் ஏற்பட்ட குழப்பத்தோடு அவர்தம் வருகையை இணைத்துக் கூறுவோர் உண்டு. எவ்வாறாயினும், 1603-க்குள் அவர்கள் மலைமேல் நிலையாகக் குடியேறிவிட்டனர் என்பதற்குப் பெனீசியோவின் மடலே சான்றாகும். தோடரைத் தேடிச் சென்றவர் படகரின் வரலாற்றிற்கும் ஒரு கல்லை நட்டுச் சென்றார்.

மற்றொன்று, தோடரின் வாழ்க்கையைப் பற்றியது. ஆங்கிலேய அறிஞர் ரிவர்சு 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடரின் வழிமுறைப் பட்டியல்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்தார். 1906-இல் வெளிவந்த அவருடைய பெருநூல் மானிடவியலில் ஒரு மைல்கல். இலண்டன் பிரித்தானியப் பொருட்காட்சியகத்தில் இருந்த பெனீசியோவின் மடலின் மொழிபெயர்ப்பை அந்நூலின் பின்னிணைப்பாக அவர் சேர்த்தார். பெனீசியோ கண்ட பூசக முறை, மணி அணிந்த எருமை, உடன்பிறந்தார் கூடி ஒருத்தியை மணத்தல் ஆகியவை முந்நூறு ஆண்டு கழித்தும் நிலைத்திருந்தமையை இரண்டையும் ஒப்பிடுவோர் அறியலாம். ஒரு மக்களின் பழக்கம் எத்துணைக் காலம் மாறாது நின்றது என்று சொல்வதற்கு இரண்டு புள்ளிகள் தேவை. முதற் புள்ளியை வைத்தவர் பெனீசியோ.

பின் வந்தோர்

1819-இல் கோவை மாவட்ட ஆட்சியர் சான் சல்லிவன் நீலகிரிக்கு வந்த பின்னர் மலையின் நிலைமை மாறத் தொடங்கியது. உதகையில் வீடுகள் எழுந்தன, சாலைகள் வந்தன, தோடரின் மேய்ச்சல் நிலங்களிலே தோட்டங்கள் தோன்றின. சமயத் தொண்டரும் வந்தனர். 1846-இல் பாசல் சமயப்பணிக் குழுவினர் கேத்தியில் தம் பணியைத் தொடங்கினர். அவர்களுள் மெட்சு என்பவர் மலையூர்கள்தோறும் நடந்து, படகர் மொழியில் பேசி, 1856-இல் நீலகிரிக் குடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படகருள் முதல்வர் திருமுழுக்குப் பெற்றது 1858-இல்தான். பன்னிரண்டு ஆண்டு உழைப்பிற்கு விளைந்த பயன் அது. மலைமக்கள் தம் நெறியை எளிதில் விட்டுக் கொடுப்பவர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழாசிரியர்கள் நன்கறிந்த ஒருவர்க்கும் இம்மலையோடு தொடர்பு உண்டு. திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த சி.யு. போப் உதகையில் பள்ளி நடத்தியவர். அவர் எழுதிய தோட மொழி இலக்கணச் சுருக்கம் 1873-இல் மார்சல் என்பார் தோடரைப் பற்றி வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. கால்டுவெலும் தம் ஒப்பிலக்கணத்தில் தோட மொழியைத் திராவிட மொழிகளுள் ஒன்றாகக் காட்டினார்.

பின்னர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் ஆய்வு நிகழ்த்திய எமனோ, தோடரின் பாடல்களைச் செவிமடுத்துப் பதிவு செய்து 1971-இல் பெருந்தொகுதியாக வெளியிட்டார். எமனோவும் பரோவும் இணைந்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுவோர், தமிழ்ச் சொல்லின் பின்னே கோத்தச் சொல்லும் தோடச் சொல்லும் வரிசையாய் நிற்பதைக் காணலாம். நம் ‘ஆள்’ அவர்களிடத்து ‘ஓள்’ ஆகின்றது. நம் ‘மன்று’, ‘மந்தை’ என்னும் சொற்களோடு உறவுடையதே தோடரின் ஊரைக் குறிக்கும் ‘மந்து’. அவர்கள் போற்றும் எருமையின் கழுத்தில் தொங்கிய மணியும் நம் ‘மணி’யின் உடன்பிறப்பே.

எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு வியப்பு உண்டு. மலைமேல் மறைந்துபோன உறவினர் இருக்கின்றனர் என்று 1603-இல் ஒருவர் தேடிச் சென்றார். உறவினர் இருந்தது உண்மையே. ஆனால் அவ்வுறவு சமயத்தால் வந்ததன்று, மொழியால் வந்தது. தேடியவருக்கு அது உறவன்று. நமக்கோ அது குருதி உறவினும் பழைய உறவு.

நாம் கொள்ளத்தக்கது

எமனோ தொகுத்த பாடல்கள் நமக்கு மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றன. தோடரிடத்தே பாடல் புனைதல் சிலர்க்கு மட்டும் உரிய கலை அன்று. பெரும்பாலோர் பாட வல்லவர். இணை இணையாக அமைந்த சொற்றொடர்களைக் கொண்டு எருமையையும் மலையையும் மறைந்தாரையும் அவர்கள் பாடினர். எழுத்து இல்லை என்பதனால் இலக்கியம் இல்லை என்று கொண்டால் அது நம் அறியாமையே ஆகும். பெனீசியோ வந்த நாளிலும் அப்பாடல்கள் ஒலித்திருக்கும். அவர் வேறொன்றைக் கேட்கச் சென்றவர்; ஆதலின் அவர் மடலில் பாட்டொலி இல்லை. நேர்மையாளர் எழுதிய சான்றிலும் இவ்வாறு நிரம்பாத இடங்கள் உண்டு. கண்டதை எழுதினார் என்று போற்றும்போதே, எதனைக் காணும் பழக்கம் அவர்க்கு இல்லை என்றும் வினவுதல் வேண்டும். வரலாற்றுச் சான்றைப் படிக்கும் முறை இதுவே.

இம்முறை நமக்கு அயலானது அன்று. மலாயாவின் காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் முன்னோர் பெரும்பாலோர் தம் கையால் தம் கதையை எழுதியவர் அல்லர். அவர்களுடைய பெயர்கள் தோட்டத் துரைமாரின் கணக்கேடுகளிலும் ஆட்சியாளரின் ஆண்டறிக்கைகளிலுமே புதைந்து கிடக்கின்றன. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் மாண்டனர், நாட்கூலி யாது என்பவை அங்கே உண்டு. அவர்கள் பால்மரம் சீவிக்கொண்டே பாடிய பாட்டு அங்கே இல்லை. கணக்கேட்டைத் தள்ளினால் எண்ணிக்கையை இழப்போம். கணக்கேட்டை மட்டும் நம்பினால் மனிதரை இழப்போம். இரண்டையும் ஒருங்கே வைத்துக் காண வேண்டும். தோடமலை மடல் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.

தோடர் இன்றும் ஏறத்தாழ இரண்டாயிரவர் என்னும் அளவிலேயே உள்ளனர். அவர்தம் மொழி அழிவின் விளிம்பில் நிற்கும் மொழிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. 1117-இன் கல்லில் அவர்கள் அஞ்சியவர். 1603-இன் மடலில் அவர்கள் பேசியவர். எமனோவின் தொகுதியில் அவர்கள் பாடியவர். பிறர் எழுத்தில் ஒரு மக்கள் மெல்ல மெல்ல வாய் திறந்த வரலாறு இது. இம்மூன்றையும் வரிசையாய் வைத்து மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், ஒரு பாடவேளையிலேயே வரலாறு என்பது யாது என்பதை விளக்கிவிடலாம். அப்பாடத்தின் முடிவில் மாணவன் தன் பாட்டியிடம் சென்று, ‘நீங்கள் தோட்டத்தில் என்ன பாடினீர்கள்?’ என்று ஒரு வினா எழுப்புவானாயின், ஆசிரியர் கற்பித்தது வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.